புள்ளி வைத்தால் மனம் அடங்கும்: சிக்குக் கோலத்தின் நீண்ட பயணம்

எந்த மாணவரின் நோட்டையும் பின்பக்கத்திலிருந்து திருப்பிப் பாருங்கள். கடைசி இரண்டு பக்கத்தில் பாடம் இருக்காது. வரிசையாகப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி வளைந்து நெளிந்து போகும் கோடுகள், பாதியில் நின்ற பூக்கள், கட்டம் கட்டமாக நிரப்பிய சதுரங்கள் இருக்கும். வகுப்பு நீளும்போதும், தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும்போதும், தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதும் கை தானாக இந்த வேலையில் இறங்கிவிடுகிறது. பெரியவர்கள் இதைக் "கிறுக்கல்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் இதே கிறுக்கலை மன அமைதிக்கான பயிற்சியாக உலகம் முழுவதும் காசு கொடுத்துக் கற்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் தம்பதி 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சென்டாங்கிள்' முறை இவற்றில் பெயர் பெற்றது. மரியா அழகெழுத்துக் கலைஞர். ரிக் சில காலம் துறவியாக வாழ்ந்தவர். ஒரு பெரிய எழுத்தின் பின்னணியில் சின்னச் சின்ன வடிவங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தபோது, நேரம் போனதே தெரியவில்லை, மனதில் வேறு எந்தக் கவலையும் இல்லை என்று மரியா சொன்னாராம். நீ சொல்வது தியானத்தைத்தான் என்று ரிக் பதில் சொன்னாராம். அங்கிருந்து பிறந்தது அந்த முறை. மூன்றரை அங்குலச் சதுர அட்டை, ஒரு பேனா, ஒரு பென்சில் போதும். அழிப்பான் கிடையாது. முதல் வேலை என்ன தெரியுமா? அட்டையின் நான்கு மூலையிலும் நான்கு புள்ளி வைப்பது!

புள்ளி வைத்துத் தொடங்குவது என்றதும் தமிழ் வாசகருக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். சென்டாங்கிள் அழகெழுத்திலிருந்து வந்தது, வாசலிலிருந்து வரவில்லை. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, புள்ளிக் கட்டத்தின் மேல் அழிப்பான் இல்லாமல் இழுக்கும் கோட்டுக் கலை ஒன்று தமிழ்நாட்டின் வாசல்களில் வளர்ந்திருந்தது. அதன் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

விதிகள் மூன்றே மூன்று

இந்தியா முழுவதும் தரையில் வரையும் வழக்கம் உண்டு. ஆந்திராவில் முக்கு, கர்நாடகத்தில் ரங்கோலி, வங்காளத்தில் அல்பனா, ராஜஸ்தானில் மாண்டனா, பீகாரில் அரிபன் என்று பெயர்கள் பல. இவற்றில் பூவும் மயிலும் தாமரையுமாகப் படம் போடுவதும் உண்டு, வண்ணம் நிரப்புவதும் உண்டு.

தமிழ்நாட்டுச் சிக்குக் கோலம் கொஞ்சம் வேறு மாதிரி. கம்பிக் கோலம் என்றும் இதற்குப் பெயர். இதில் முதலில் புள்ளி. புள்ளிகள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக வந்தால் நேர்ப்புள்ளி. மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் கீழ் வரிசைப் புள்ளி வந்தால் ஊடுபுள்ளி, அதாவது சந்துப் புள்ளி. "ஊடுபுள்ளி 7, 4-ல் நிறுத்தவும்" என்று ஒரு வரி எழுதினால் போதும், கோலம் தெரிந்தவர்களுக்கு முழுப் படமும் கண்முன் வந்துவிடும். நடுவில் 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. தேன்கூட்டுக் கண் மாதிரி ஓர் அறுகோணம்.

அடுத்து கோடு. கோடு புள்ளியைத் தொடக்கூடாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எந்தப் புள்ளியும் கோட்டுக்குள் அடங்காமல் வெளியே நிற்கக்கூடாது. தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து முடிய வேண்டும், தொங்கிக்கொண்டு நிற்கும் முனை இருக்கக்கூடாது. அவ்வளவுதான் விதி. இந்த மூன்று விதிக்குள் எத்தனை ஆயிரம் கோலங்கள் பிறந்திருக்கின்றன என்று யாராலும் எண்ண முடியாது.

எவ்வளவு பழையது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வது கடினம். காரணம் எளிது. கோலம் காலையில் பிறந்து மாலைக்குள் அழிந்துவிடும் கலை. கோயிலைக் கல்லில் கட்டினார்கள், கதையை ஓலையில் எழுதினார்கள். கோலத்தை மாவில் போட்டார்கள். அரிசி மாவு என்றால் எறும்பும் குருவியும் தின்றுவிடும், மிச்சத்தைக் காலும் காற்றும் கொண்டுபோய்விடும். மறுநாள் சாணம் தெளித்தால் சுவடே இருக்காது. ஆகவே அகழ்வாராய்ச்சி செய்பவருக்குக் கோலம் எதையும் விட்டு வைப்பதில்லை.

'கோலம்' என்ற சொல் பழந்தமிழில் அழகு, ஒப்பனை, தோற்றம் என்ற பொருளில் வருகிறது. மணக்கோலம், திருக்கோலம் என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா, அந்தப் பொருள். அதனால் பழைய நூல் ஒன்றில் கோலம் என்ற சொல்லைப் பார்த்ததும் வாசல் கோலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னும் நெருக்கமான சான்று ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் கிடைக்கிறது. ஆண்டாள் காலத்தைப் பொதுவாக 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டு என்று சொல்வார்கள். அந்த நூலின் முதல் பதிகத்தில், காமனை வேண்டி நோன்பிருக்கும் பெண் தை மாதத்தில் தரையைத் துப்புரவாக்கி மண்டலம் இடுகிறாள், நுண்மணலால் தெருவை அழகு செய்கிறாள். இது சிக்குக் கோலம்தானா என்று அந்த வரிகளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தரையைச் சுத்தம் செய்து, கையில் எடுத்த பொடியால் ஒரு வடிவம் போட்டு, தெருவை அலங்கரிக்கும் பெண் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் இருக்கிறாள். அதுவும் தை மாதத்தில்!

வாசலிலிருந்து நோட்டுக்கு

கல்லும் ஓலையும் காப்பாற்றாத கோலத்தைக் காப்பாற்றியது எது? முதலில் விரல்கள். அம்மா போடுவதைப் பார்த்து மகள் கற்றாள், அத்தை போடுவதைப் பார்த்து மருமகள் கற்றாள். மாவைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே சீராக விடுவதை எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது.

பிறகு வந்தது காகிதம். பெண்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பென்சிலும் நோட்டும் வீட்டுக்கு வந்தன. கோல நோட்டு என்று தனியாக ஒன்று பல வீடுகளில் உருவானது. பக்கத்து வீட்டில் பார்த்தது, ஊருக்குப் போன இடத்தில் பார்த்தது எல்லாம் அதில் ஏறும். பேருந்து நிலையக் கடைகளில் மலிவு விலைக் கோலப் புத்தகங்கள் வந்தன. மங்கையர் மலர், அவள் விகடன் போன்ற இதழ்கள் மார்கழி பிறந்தால் கோலப் பக்கங்கள் போட்டன.

இந்த இடத்தில் கோலத்தின் இயல்பே கொஞ்சம் மாறியது. வாசல் கோலம் விடிவதற்குள் முடிய வேண்டிய கடமை. நோட்டுக் கோலத்துக்கு நேரம் காலம் இல்லை. மத்தியானம் சமையல் முடிந்து, எல்லாரும் வெளியே போன பிறகு, ஒரு பெண் தனக்காக மட்டும் உட்கார்ந்து புள்ளி வைத்துப் பார்க்கும் நேரம் அது. தப்பினால் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. இன்று "மன அழுத்தம் குறைய வரையுங்கள்" என்று சொல்கிறார்களே, அதை யாரும் சொல்லாமலே செய்த தலைமுறை அது.

கடலுக்கு அப்பால் இரண்டு உறவினர்கள்

பசிபிக் பெருங்கடலில் வனுவாட்டு என்ற தீவு நாடு இருக்கிறது. அங்கேயும் மணலில் கட்டம் போட்டு, அதன் மேல் விரலை எடுக்காமல் ஒரே கோட்டில் படம் வரைகிறார்கள். 1926-27-இல் பெர்னார்ட் டீக்கன் என்ற இளம் மானிடவியலாளர் அங்குள்ள மலக்குலா தீவில் தங்கி இந்தப் படங்களைத் திரட்டினார். ஊர் திரும்பும் முன்பே காய்ச்சலில் இறந்துபோனார். அவர் திரட்டியவை 1934-இல் அச்சாயின.

அவர் பதிவு செய்த நம்பிக்கை ஒன்று சுவாரசியமானது. இறந்தவரின் ஆவி மறுவுலகத்துக்குப் போகும் வழியில் ஒரு காவல் பூதம் மணலில் படம் வரைந்து வைத்திருக்குமாம். ஆவி வருவதைக் கண்டதும் பாதியை அழித்துவிடுமாம். மீதியைச் சரியாக வரைந்து முடித்தால்தான் வழி கிடைக்கும். தெரியாவிட்டால் பூதத்துக்கு இரை! கோடு போடத் தெரிவது அங்கே பொழுதுபோக்கு அல்ல, மறுமைக்கான தேர்வு.

மலக்குலா பகுதியில் முன்பே ஆய்வு செய்திருந்த ஜான் லேயார்ட் என்ற ஆங்கிலேயர், தமிழ்நாட்டு வாசல் கோலங்களையும் பச்சை குத்தும் வடிவங்களையும் பார்த்து வியந்து, 1937-இல் அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டுக்கும் உறவு இருப்பதாக அவர் கருதினார்.

இன்னொரு உறவினர் ஆப்பிரிக்காவில். அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து, கோட்டை அவற்றைச் சுற்றிச் செலுத்தி, கூடவே ஒரு கதையும் சொல்வார்கள். அந்தப் படங்களுக்கு 'சோனா' என்று பெயர். அதில் தேர்ந்தவர்கள் ஆண்கள். மொசாம்பிக்கில் வாழ்ந்த கணித ஆசிரியர் பாவ்லுஸ் கெர்டஸ் (1952-2014) தம் வாழ்நாளின் பெரும் பகுதியை இந்தச் சோனாவுக்குக் கொடுத்தார். 1989-இல் தமிழ்க் கோலங்களைப் பற்றியும் எழுதினார்.

புள்ளியைச் சுற்றும் கோடு மூன்று கண்டங்களில் இருந்தது என்பதைவிட, அங்கெல்லாம் அதற்கு ஒரே கணக்கு இருந்தது என்பதுதான் ஆச்சரியம். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்று நேர்ப்புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் நடுவே குறுக்குச் சாய்வாகக் கோட்டை விடுங்கள். ஓரம் வந்தால் வளைந்து திரும்புங்கள். ஒரே கோட்டில் எல்லாப் புள்ளியும் அடங்கிவிடும். இப்போது 3 வரிசை, 3 புள்ளி வைத்துப் பாருங்கள். ஒரே கோட்டில் முடியாது, மூன்று தனித்தனிக் கோடுகள் தேவைப்படும். 4-க்கு 6 என்றால் இரண்டு கோடு. எத்தனை கோடு என்பதற்கு விடை, அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி. ஆம், பள்ளியில் படித்த அதே மீ.பொ.வ.தான்!

தாம்பரத்தில் நடந்தது

கோலத்தைக் கணினியோடு சேர்த்து முதன்முதலில் யோசித்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் அல்லர். தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி (1932-1988), அவர் மனைவி கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி (1929-2019), பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பேராசிரியரான கமலா கிருத்திவாசன் ஆகிய மூவர்தான் அவர்கள்.

1950-களில் நோம் சாம்ஸ்கி மொழி இலக்கணத்தைக் கணிதமாக மாற்றிக் காட்டியிருந்தார். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எண்ணற்ற வாக்கியங்களை உண்டாக்கலாம் என்பது அதன் சாரம். வாக்கியம் ஒரே வரியில் போவது. படம் நீளமும் அகலமும் கொண்டது. படத்துக்கும் இலக்கணம் எழுத முடியுமா? இதுதான் தாம்பரத்தில் எழுந்த கேள்வி. அதற்கு அவர்களுக்குக் கிடைத்த சோதனைக்கூடம் வீட்டு வாசல். அவர்கள் மூவரும் சேர்ந்து எழுதிய "அணி இலக்கணங்களும் கோலமும்" என்ற பொருள்படும் ஆங்கிலக் கட்டுரை 1974-இல் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. ஒரு சின்னக் கோலத்தை எப்படி விதி மாறாமல் பெரிதாக்கிக்கொண்டே போகலாம் என்பதை அது காட்டியது.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள்கூட மிகச் சிக்கலான கோலங்களை நினைவிலிருந்தே போடுவது கிஃப்ட் சிரோமணியைக் கவர்ந்தது. முழுப் படத்தையுமா மனதில் வைத்திருக்கிறார்கள்? இல்லை, கை போகும் வழியை வைத்திருக்கிறார்கள். 1980-களின் இறுதியில் வந்த ஆய்வில் அவரும் சக ஆய்வாளர்களும் கோலம் போடும் கையின் நகர்வை 7 அடிப்படை அசைவுகளாகப் பிரித்தார்கள். நேராகப் போவது ஒன்று. வலப்பக்கம் பாதித் திருப்பம், முழுத் திருப்பம், சுற்று என மூன்று. இடப்பக்கமும் அதே மூன்று. இந்த ஏழை வரிசையாக அடுக்கினால் ஒரு கோலம். கணினி வகுப்பில் 'லோகோ' மொழியில் ஆமையை நகர்த்திப் படம் வரைந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

அதன் பிறகு ஆர்வம் பெருகியது. அமெரிக்கக் கணிதவியலாளர் மார்சியா ஆஷர் 2002-இல் கோல மரபைப் பற்றி 'அமெரிக்கன் சயின்டிஸ்ட்' இதழில் எழுதினார். காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியில் இருந்த இயற்பியலாளர் எஸ். நாராணன், ஃபிபனாச்சி எண்களை வைத்துக் கோலம் போட்டார். 1, 2, 3, 5 என்ற நான்கு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 5-க்கு 5 சதுரத்தில் 25 புள்ளி. நடுவில் ஒரே புள்ளி, அதைச் சுற்றி 2-க்கு 3 செவ்வகங்கள் நான்கு. 1 + 24 = 25. கணக்கு சரியாக வருகிறதா? இந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைத்து ஒரே கோடாக்கினால் கோலம் தயார்.

மனம் ஏன் அடங்குகிறது?

இனி முதல் கேள்விக்கு வருவோம். கட்டத்துக்குள் வரைவது உண்மையிலேயே மனதை அமைதிப்படுத்துமா, அல்லது இது வெறும் விளம்பரமா?

2005-இல் கரியும் காசரும் அமெரிக்காவில் 84 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முதலில் அவர்களுக்குக் கொஞ்சம் பதற்றத்தை உண்டாக்கினார்கள். பிறகு ஒரு குழுவுக்கு வட்டமான மண்டலப் படம், இன்னொரு குழுவுக்குக் கட்டம் போட்ட வடிவம், மூன்றாவது குழுவுக்கு வெறும் வெள்ளைத் தாள். எல்லாரும் வண்ணம் தீட்ட வேண்டும். மண்டலமும் கட்டமும் கிடைத்தவர்களின் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெள்ளைத் தாள் கிடைத்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. 2012-இல் வேறு இருவர் பெரியவர்களை வைத்து இதையே திரும்பச் செய்தபோது, மண்டலம் கட்டத்தை முந்தியது.

2009-இல் இங்கிலாந்தின் ஜாக்கி ஆண்ட்ரேட் வேறொன்றைக் கண்டார். சலிப்பூட்டும் தொலைபேசிப் பேச்சு ஒன்றை 40 பேரைக் கேட்க வைத்தார். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் உள்ள சின்ன வடிவங்களை நிரப்பினார்கள். அவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். பின்பக்கக் கிறுக்கலுக்காக அடி வாங்கியவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்!

இவை எதுவும் கோலத்தை நேரடியாகச் சோதித்தவை அல்ல. சிறிய அளவில் நடந்த சோதனைகள். மருந்துக்குப் பதில் கோலம் என்று இவற்றை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று புலப்படுகிறது. வெள்ளைத் தாள் பயமுறுத்துகிறது, அங்கே எல்லாவற்றையும் நாமே முடிவு செய்ய வேண்டும். புள்ளி வைத்த தாளில் பாதி முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அடுத்த திருப்பம் எங்கே என்பது மட்டும்தான் கேள்வி. கவலைப்பட இடமில்லாத அளவுக்கு மனதுக்கு வேலை இருக்கிறது, களைத்துப்போகும் அளவுக்கு இல்லை.

ஓய்வா, வேலையா?

இத்தனை சொன்ன பிறகு ஒரு கசப்பான உண்மையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாசல் கோலம் எல்லாப் பெண்களுக்கும் அமைதியைத் தந்தது என்று சொன்னால் அது பொய். மார்கழிக் குளிரில் மூன்று மணிக்கே எழுந்து, குனிந்த முதுகோடு தெருவை அடைத்துக் கோலம் போட்டுவிட்டு, உடனே அடுப்படிக்கு ஓடியவர்கள் பலர். கோலம் போடாவிட்டால் "இந்த வீட்டில் பெண்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்ட ஊர் இது. அதே ஊர், கோலத்தைக் கலை என்று மதித்து அதைப் போட்டவளின் பெயரைக் கேட்டதில்லை.

சென்டாங்கிள் பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். அதைக் கற்பிக்கச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உருவாக்கியவர்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் பிரம்ம முடியை முதலில் போட்டவர் யார்? அந்த 37 புள்ளி அறுகோணத்தை முதலில் யோசித்தவர் யார்? ஆய்வுக் கட்டுரைகளில் கணிதவியலாளர்களின் பெயர் இருக்கிறது. வாசலில் அந்தக் கணிதத்தைச் செய்தவர்களின் பெயர் இல்லை. ஒரு நாளுக்குள் அழியும் பொருளில் வேலை செய்தவர்களுக்கு அவர்கள் கையெழுத்தும் அதோடு அழிந்தது.

கோலத்துக்குக் குரல் இருக்கிறது என்பதை அண்மையிலும் பார்த்தோம். 2019 டிசம்பர் 29-ஆம் தேதி சென்னை பெசன்ட் நகரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்க்கும் வாசகங்களோடு சிலர் கோலம் போட்டார்கள். காவல்துறை அவர்களைப் பிடித்து வைத்துப் பின்னர் விடுவித்தது. அடுத்த நாளே பல வீட்டு வாசல்களில் அதே வாசகங்களோடு கோலங்கள் தோன்றின. சட்டத்தைப் பற்றி யார் எந்தக் கருத்து வைத்திருந்தாலும், வெறும் மாவுக் கோடு என்று எல்லாரும் தாண்டிப்போன ஒன்று அன்று நாடு முழுவதும் செய்தியானது.

இன்று அடுக்குமாடி வீடுகளில் வாசல் என்பது இரண்டடி அகலம். அங்கே ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டால் வருடம் முழுவதும் கவலை இல்லை. குனிந்து நிமிரும் கட்டாயம் பெண்களுக்குக் குறைந்தது நல்லதுதான். ஆனால் ஸ்டிக்கரில் கை போகும் வழி இல்லை. அந்த ஏழு அசைவும் இல்லை. கடமை போகட்டும், கலை தங்கட்டும் என்றால் அதற்கு ஒரே வழி, யாரும் கட்டாயப்படுத்தாமல் ஆணும் பெண்ணும் விருப்பத்தோடு அதைக் கையில் எடுப்பதுதான்.

உங்கள் வீட்டில் பாட்டியோ அம்மாவோ அத்தையோ வைத்திருக்கும் பழைய கோல நோட்டு ஒன்று பரணிலோ பீரோவிலோ இருக்கும். அதை எடுத்து, ஒவ்வொரு கோலமும் யாரிடம் கற்றது என்று கேட்டுப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு கோலமாவது போட்டுப் பாருங்கள்.